கோணாத பச்சைக் கோடு

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், வரும் திங்கட்கிழமை காலை முதலாளி அவர்கள் தம் திருக்கரத்தால் ஒரு பொத்தானை அமுக்குவார்கள். அமுக்கிய அந்தக் கணம் முதல் நம் பேட்டரித் தொழிற்சாலையில் தவறு நடக்காது. நடந்தாலும் நடக்கும்போதே தெரிந்துவிடும். தெரிந்துவிடுவதால் நடக்காது.

இந்த அறிவிப்பு சாப்பாட்டுக் கூடத்துக்கும் கழிவறைக்கும் நடுவே, யாரும் தப்பிக்க முடியாத இடத்தில் ஒட்டப்பட்டிருந்தது. எழுதியவர் தரப் பிரிவின் துணைத் தலைவர். பெற்றோர் வைத்த பெயர் அவருடைய சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி தொழிற்சாலை முழுக்க அவர் மைக்ரான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிளந்து, அதில் ஒரு துண்டுக்காக நாளெல்லாம் மல்லுக்கு நிற்கிறவருக்கு வேறு என்ன பெயர் வைப்பது? வீட்டிலும் அதே கதைதான். மனைவி தைத்த திரைச்சீலையின் ஒரு ஓரம் இறங்கியிருப்பதை ஸ்கேல் வைத்து நிரூபித்துவிட்டு, ஒரு வாரம் கூடத்தில் தனியாகப் படுத்தவர் அவர்.

தரப் பிரிவின் தலைவர் நாற்காலி காலியாகக் கிடந்தது. "திங்கட்கிழமை திரை பச்சையா இருந்தா நாற்காலி உனக்கு. செவந்துச்சு, பழைய இரும்புக் கிடங்குக்குப் போய் துருவை அளந்துகிட்டு இரு" என்று முதலாளி சொல்லிவிட்டார். இதில் முதல் பாதியை மட்டும் மைக்ரானின் மனைவி தன் சொந்தபந்தம் அத்தனை பேருக்கும் சொல்லி முடித்திருந்தாள்.

அங்கே நடக்கிற வேலை கேட்பதற்கு எளிது. நீளமான செம்புத் தாள் உருளைகளின் மேல் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்மேல் கறுப்புக் கலவையை ஒரே கனத்தில் பூச வேண்டும். பூசிய தாள் அடுப்புக்குள் போய்க் காய்ந்து வரும். அதைச் சுருட்டி வெட்டினால் பேட்டரிக்குள் வைக்கிற மின்முனை. புதிதாக வந்த சென்சார், ஓடுகிற தாளின் குறுக்கே தறி நாடா மாதிரி அங்கும் இங்கும் போய் வந்து, பூச்சின் கனத்தை அளந்து, சுவர் அகலத் திரையில் கோடாகப் போடும். சரியாக இருந்தால் கோடு பச்சை. தப்பினால் சிவப்பு, கூடவே காது கிழிகிற சைரன்.

சனிக்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். திரை செக்கச்செவேல் என்று இருந்தது.

"என்ன மாப்பிள்ளை, நீ திரை வச்சிருக்கியா, தக்காளிக் கடை வச்சிருக்கியா?" என்றார் உற்பத்தி மேலாளர். மைக்ரானின் மனைவிக்கு மூத்த அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் என்பதால் அவருடைய கிண்டலுக்கு மறுகிண்டல் கிடையாது.

"கலவையில கட்டி நிக்குது, மச்சான். உங்க ஆளுங்க சரியாக் கலக்கலை. திரை உள்ளதைத்தானே காட்டும்?"

"உள்ளது எனக்கே தெரியுமே. அதைக் காட்டவா இவ்வளவு பணத்தைக் கொட்டுனோம்?" மச்சான் சென்சாரையே பார்த்துக்கொண்டிருந்தார். "இது அப்பப்போ ஓரமாப் போய் நிக்குதே, அப்ப மட்டும் எப்படிப் பச்சையா இருக்கு?"

"அங்க ஒரு மாதிரித் தகடு இருக்கு. துளி குறை கிடையாது. அது மேல நின்னு, தன் அளவு சரியான்னு தானே சோதிச்சுக்கும்."

"அப்ப அங்கேயே நிக்கட்டுமே."

"மச்சான், அது ஏமாத்து!"

"ஒரு அரைமணி நேரம் ஓரமா நிக்கறது ஏமாத்தா? நீ வருஷக்கணக்கா ஓரமா உக்காந்திருக்கே. யாராவது கேட்டாங்களா?"

மைக்ரான் கொள்கைக்கும் நாற்காலிக்கும் நடுவே கடுமையாகப் போராடினார். அந்தப் போராட்டம், மனைவியின் தொலைபேசி அழைப்பு வரும்வரை நீடித்தது.

"என்னங்க, திங்கட்கிழமை சாயங்காலம் எங்க சித்தப்பா, சித்தி, பெரியப்பா பசங்க எல்லாரும் வீட்டுக்கு வராங்க. தலைவராயிட்டாருன்னே சொல்லிட்டேன். என் மானத்தை வாங்கிடாதீங்க."

மைக்ரான் தம் கையாலேயே சென்சாரைக் கொண்டுபோய் மாதிரித் தகட்டின் மேல் நிறுத்தினார். முதலாளி பேசும்போது குறுக்கே கத்தக் கூடாதென்று, மச்சான் எல்லா இயந்திரங்களின் சைரனையும் வாயடைத்து வைத்தார்.

திங்கட்கிழமை வந்தது. தூசி ஆகாத இடம் என்பதால் எல்லாரும் தலை முதல் கால்வரை வெள்ளை அங்கி போட்டு, பஞ்சு மூட்டைகள் மாதிரி நின்றார்கள். எந்த மூட்டை முதலாளி என்பதைத் தொந்தியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. அவருடைய மனைவியும் வந்திருந்தார். அந்த அம்மாள் டாக்டர். எல்லாரும் திரையைப் பார்த்து நின்றார்கள். இயந்திரம் ஓடுவது முதுகுக்குப் பின்னால், கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம்.

முதலாளி பொத்தானை அமுக்கினார். பச்சைக் கோடு ஒன்று புறப்பட்டது. கோணவில்லை, நெளியவில்லை, ஒரு மேடு பள்ளம் இல்லை.

"அடேங்கப்பா! என்னா நேராப் போகுது!" என்றார் முதலாளி.

"எங்க ஆஸ்பத்திரியில கோடு இப்படிப் போனா, போர்வையை இழுத்து மூஞ்சியை மூடிடுவோம்" என்றார் டாக்டரம்மாள்.

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?"

மைக்ரான் அளவாகச் சிரித்துவிட்டு, எதேச்சையாகக் கண்ணாடிப் பக்கம் திரும்பினார். அடுப்பிலிருந்து தாள் கறுப்பாக வந்துகொண்டிருந்தது. பிறகு திட்டுத் திட்டாக வந்தது. பிறகு பளபளவென்று வெறும் செம்பாகவே வந்தது. கட்டிகள் குழாயை அடைத்து, பம்ப் நின்றுவிட்டது. கத்தவேண்டிய சைரனுக்கு வாய் இல்லை.

"மச்சான், கலவை வரலை. வெறும் தாள் ஓடுது."

"திரை என்ன சொல்லுது?"

"பச்சைதான்."

"அப்புறம் உனக்கு என்ன நோவு?"

"நிறுத்தணும் மச்சான்."

"போ, நிறுத்து. அப்படியே கிடங்குச் சாவியையும் வாங்கிக்க. சித்தப்பாவுக்கு நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

மைக்ரான் நிறுத்துப் பொத்தானை நோக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். இரண்டாவது அடிக்குள் முதலாளியின் கை தோளில் விழுந்தது. "இனிமே நீதான்யா தலைவரு!"

எல்லாரும் கை தட்டினார்கள். கை தட்டாத டாக்டரம்மாள் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தார். "இது ஏன் இப்படி மின்னுது? போன தடவை அடிபிடிச்ச சட்டி மாதிரி கறுப்பா இருந்துச்சே?"

வெள்ளை மூட்டைகள் அத்தனையும் திரும்பின. மைக்ரான் வாயைத் திறந்தார். உண்மை தொண்டைவரை வந்து, வெளியே யார் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்த்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போனது.

"அது வந்துங்கம்மா... தரம் ஏற ஏற அப்படித்தான் மின்னும்."

முதலாளிக்குப் புல்லரித்தது. "அப்ப மத்த லைன்ல எல்லாம் ஏன்யா இன்னும் கறுப்பா ஓடுது?"

மச்சான் கூரையில் எதையோ தேடினார்.

"இன்னைக்கே எல்லாத்தையும் இதே மாதிரி மாத்துங்க. இனிமே போற சரக்கு முழுக்க இப்படித்தான் மின்னணும்!"

அன்று சாயங்காலம் சித்தப்பா மைக்ரானுக்குச் சால்வை போர்த்தினார். சால்வையின் ஓரம் ஒருபக்கம் இறங்கியிருந்ததை மைக்ரான் கண்டும் காணாதவர் போல் இருந்துவிட்டார்.

மறுநாள் காலை மச்சானின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். "மச்சான், ராத்திரி தூக்கமே இல்லை. சொல்லிடலாமா?"

"தாராளமா. ஆனா தரத்துல குறைன்னா முறைப்படி தரத் தலைவர்கிட்டதான் சொல்லணும். சொல்லு மாப்பிள்ளை, எதிர்ல கண்ணாடி மாட்டட்டுமா?"

மைக்ரான் தம்மிடமே சொல்லிக்கொண்டார். பரிசீலிப்பதாகத் தம்மிடமே பதிலும் சொன்னார். அந்த வாரத்துக்குள் மற்ற லைன்களுக்கும் சென்சார்கள் வந்து, தத்தம் மாதிரித் தகட்டின் மேல் ஏறி உட்கார்ந்தன. எல்லாப் பம்புகளுக்கும் ஓய்வு கிடைத்தது. கலவையில் கட்டி நிற்கிற பிரச்சினையும் அடியோடு ஒழிந்தது. சுவர் முழுக்கப் பச்சைக் கோடுகள். பார்த்துப் படித்துக்கொள்ள வேறு தொழிற்சாலைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்கு மைக்ரான் விளக்கம் சொன்னார், முதலாளி பக்கத்தில் நின்று தலையாட்டினார், படம் எடுத்துக்கொண்டார்கள். சரக்கு லாரி லாரியாகப் போனது.

ஒரு பேட்டரியிலும் சார்ஜ் ஏறவில்லை.