ஆளுக்கொரு வாரம்

புது மாடல் வெளிவந்த நாளிலிருந்து அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

காது கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் வேலை. சத்தம் புகாத சிறிய அறைக்குள் ஆளை உட்காரவைத்து, ஹெட்ஃபோன் மாட்டி, "சத்தம் கேட்டா பட்டனை அமுக்குங்க, லேசாக் கேட்டாலும் அமுக்குங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பாள். அந்த வாரம் ஒரு பெரியவர் மூன்று முறை பட்டனை அமுக்கிவிட்டு, நான்காவதுக்காகக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனார். இவளோ மேசைக்கு அடியில் கைபேசியை வைத்துக்கொண்டு, சாம்பல் நிற வண்டி ஒன்றின் பின்பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியவர் கதவைத் திறந்து தலையை நீட்டினார். "ஏம்மா, எனக்குச் சுத்தமாவே காது போயிடுச்சா?"

"ஐயோ, இல்ல சார். உங்க காது நல்லாத்தான் இருக்கு. என் புத்திதான் எங்கேயோ போயிடுச்சு."

அவளிடம் வண்டி இல்லாமல் இல்லை. பாதி வண்டி இருந்தது. மறுபாதி தம்பியுடையது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் இருவரும் ஒரே காரைப் பார்த்து மயங்கினார்கள். தனித்தனியாக வாங்க வழியில்லை என்று சேர்ந்து வாங்கினார்கள். பார்வைக்குக் காய்கறி வாங்கப் போகிற வண்டி மாதிரிதான் இருக்கும். குட்டை உடம்பு, பக்கத்துக்கு ஒரே கதவு, பின்னால் தூக்கித் திறக்கிற கதவு ஒன்று. ஆனால் அந்தச் சின்ன உடம்புக்குள் கொஞ்சமும் பொருந்தாத ஒரு முரட்டு இன்ஜின் உட்கார்ந்திருந்தது. மஞ்சள் நிறம், அடங்காத ரீங்காரம். தம்பிதான் 'குளவி' என்று பேர் வைத்தான்.

ஆளுக்கொரு வாரம் என்று பேச்சு. சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் கைமாற்றம். அவன் முறை வரும்போது பஸ் பிடித்து அவள் குடியிருப்புக்கு வருவான். இருவரும் வண்டியைச் சுற்றி நின்றபடி காபி குடிப்பார்கள். "ரெண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்குது", "வலது டயர் தேயுது பாரு" என்று அரை மணி நேரம் ஓடும். பிறகு சாவியை வாங்கிக்கொண்டு போய்விடுவான். அவள் முறை வந்தால் அதையே இவள் அவன் வீட்டு வாசலில் செய்வாள். அம்மாவும் அப்பாவும் போன பிறகு அவர்களுக்குள் இருந்த போக்குவரத்து பெரும்பாலும் இதுதான். அவன் கல்யாணம் செய்துகொண்டு இரண்டு வருஷம் ஆன பின்பும் அந்தச் சனிக்கிழமை மட்டும் தப்பியதில்லை.

வேகமான சின்ன வண்டிகளில் பைத்தியம் பிடித்த இருபது பேர் கொண்ட கைபேசிக் குழு ஒன்றிலும் இருவரும் இருந்தார்கள். புது மாடல் வந்ததும் அது இரண்டாகப் பிளந்தது. புது வண்டியில் சக்தி கூட, பின்சீட்டுக்கும் தனிக் கதவு உண்டு, ஆனால் கிளட்ச் கிடையாது. கியர் தானாக மாறும்.

"கிளட்ச் இல்லாம ஓட்டுறதுக்குப் பேசாம வாஷிங்மெஷின் முன்னாடி உட்காந்துக்கலாம்" என்று எழுதினார் குழுவிலிருந்த ஒரு பல் டாக்டர்.

"உங்க முட்டி தேஞ்சப்புறம் இதே பேச்சைப் பேசுங்க" என்று பதில் போட்டார் ஒரு கூரியர்காரர். அவருடையது போன வருஷமே தேய்ந்துவிட்டது.

அவள் இரண்டு பக்கமும் எழுதினாள். காலையில் பழையதை வைத்துக்கொள்ளச் சொல்வாள், மதியம் மாற்றிவிடச் சொல்வாள். இதற்கு நடுவில் குளவியிலிருந்து ஒரு சத்தம் வேறு. இடதுபுறம் திரும்பினால் பின்னாலிருந்து 'டிக்' என்று ஒன்று. சின்னச் சத்தம்தான். வேறு யாராக இருந்தாலும் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு மறந்திருப்பார்கள். அவளால் முடியவில்லை. ஒர்க்‌ஷாப்பில் அரை நாள் தேடிவிட்டு, "எங்களுக்கு ஒண்ணும் கேக்கலையே மேடம்" என்று கையை விரித்துவிட்டார்கள். வண்டிக்கு வயதாகிவிட்டது, மாற்றுவதற்கு இதைவிட என்ன காரணம் வேண்டும் என்று தோன்றியது. அடுத்த நிமிஷமே, ஒரு சத்தத்துக்காக ஒன்பது வருஷத்தைத் தூக்கிப் போடுவதா என்றும் தோன்றியது.

ஒரு புதன்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் யாரிடமும் சொல்லாமல் ஷோரூமுக்குப் போய்ப் புது வண்டியை ஓட்டிப் பார்த்தாள். அம்பு மாதிரி பாய்ந்தது. ஆனால் அந்த உறுமல் இன்ஜினிலிருந்து வரவில்லை, ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்று முதல் திருப்பத்திலேயே அவள் காது கண்டுபிடித்துவிட்டது. அதோடு ஆசை அறுந்திருக்க வேண்டும். அறவில்லை. திரும்பி வந்து, சாம்பல் நிறம் எப்போது கிடைக்கும் என்று விசாரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை தம்பி வந்தான். காபியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே நின்றான்.

"அக்கா, சும்மா அந்தப் புது வண்டியைப் பாத்துட்டு வருவோமா? வாங்கணும்னு இல்ல. சும்மா."

"போலாமே. நானும் இன்னும் பாக்கல" என்றாள், கண் இமைக்காமல்.

வழியில் இடதுபுறம் திரும்பியபோது 'டிக்' என்றது. "கேட்டுச்சா?" என்றாள்.

"இல்லையே" என்று அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கேட்டும் கேட்காத மாதிரி நடிப்பவர்களைத் தினமும் பார்க்கிறவள் அவள்.

ஷோரூம் வாசலில் விற்பனையாளர் வாயெல்லாம் பல்லாக ஓடி வந்தார். முதலில் தம்பியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாங்க சார்! நீங்க கேட்ட அந்தப் பெரிய ஃபேமிலி வண்டி வந்துருச்சு. பின்னாடி நிக்குது." சொல்லி முடிக்கும்போதுதான் அவளைக் கவனித்தார். "அட, மேடம்! உங்க சாம்பல் கலரும் உறுதியாயிடுச்சு." இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும்... ஒண்ணா வந்திருக்கீங்களா?"

"அப்படித்தான் நெனச்சுட்டு இருந்தேன்" என்றாள் அவள்.

தம்பிக்கு முகம் செத்துப்போயிருந்தது. விற்பனையாளருக்கு விஷயம் புரியவில்லை என்றாலும் காற்று சரியில்லை என்று புரிந்தது. அவசரமாகப் புது மாடலின் சாவியை நீட்டினார். அவள் ஓட்டினாள், தம்பி பக்கத்தில் உட்கார்ந்தான், விற்பனையாளர் பின்னால் ஏறிக்கொண்டார்.

முதல் சிக்னலில் நின்றார்கள். பச்சை விழுந்தது.

"ஃபேமிலி வண்டியா? எத்தனை சீட்டு?"

"ஏழு."

"வீட்டுல இருக்கிறது ரெண்டு பேரு. பொறக்கப் போறது ஒண்ணு. மிச்ச நாலு யாரு?"

"நீ மட்டும் யோக்கியமா? இன்னும் பாக்கலன்னு சொன்னே. கலர் வரைக்கும் சொல்லி வச்சிருக்கே."

"மேடம், இந்த ஸ்டீயரிங்ல ஒரு பட்டன் இருக்கு" என்றார் பின்னாலிருந்தவர்.

"நான் பாக்கத்தான் வந்தேன். நீ என்னைக் கழட்டி விட வந்திருக்கே."

"யாரு யாரைக் கழட்டி விடுறது? சாம்பல் கலர்ல எனக்கும் பாதி இருந்துச்சா?"

அதுவரை அவள் அதை நினைத்துக்கூடப் பார்க்கவில்லை என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. கோபத்தில் கால் அழுந்தியது, வண்டி விருட்டென்று முன்னால் பாய்ந்தது. தம்பி சட்டென்று இரண்டு கைகளாலும் இருக்கையைப் பிடித்துக்கொண்டான்.

அவள் திரும்பிப் பார்த்தாள். இதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் சிரித்துக்கொண்டு போகிறவன் அவன். நெற்றியில் வியர்த்திருந்தது. கிடங்குகள் வரிசையாக இருந்த ஒரு தெருவில் ஓரம் கட்டினாள்.

"நான் ஒரு போன் பேசிட்டு வந்துடறேன்" என்று விற்பனையாளர் தானாகவே இறங்கிப் போனார்.

"என்னடா ஆச்சு?"

அவன் தன் விரல்களைப் பார்த்தான். லிஃப்ட் மெக்கானிக் அவன். இருபது மாடிக் குழிக்குள் ஒற்றை இரும்புச் சட்டத்தில் நின்று வேலை பார்க்கிற கைகள்.

"மூணு வாரத்துக்கு முன்னாடி நல்ல மழை. அவளை செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனேன். பெரிய ரவுண்டானாவுல பின்பக்கம் கொஞ்சம் வழுக்குச்சு. உனக்குத் தெரியுமே, குளவி வழுக்குறது. பிடிச்சுட்டேன். பிரமாதமாப் பிடிச்சேன்க்கா. சந்தோஷத்துல சிரிச்சுட்டே அவளைத் திரும்பிப் பாத்தேன். அவ ரெண்டு கையாலயும் வயித்தைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தா. ஒரு வார்த்தை பேசல." சட்டை முனையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "நான் சிரிச்சுட்டு இருந்தேன்க்கா. எனக்கு வண்டியைக் கண்டு பயமில்ல. என்னைக் கண்டாத்தான் பயமா இருக்கு. அது கையில இருந்தா நான் மறுபடியும் அப்படித்தான் பண்ணுவேன்."

அவள் கோபம் இருந்த இடம் தெரியாமல் போனது.

"இதை எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன?"

"எப்படிச் சொல்றது? சனிக்கிழமை வந்தா நீ டயரைப் பத்திப் பேசறே. நானும் டயரைப் பத்திப் பேசறேன்." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான். "அந்த டிக் சத்தம்... அதுவும் நான்தான். குழந்தை சீட்டு உள்ள நுழையுமான்னு பாக்கறதுக்காகப் பின்சீட்டைக் கழட்டினேன். நுழையல. திருப்பி மாட்டும்போது ஒரு போல்ட்டைச் சரியா முடுக்கல. நீ கண்டுபிடிச்சா ஏன் கழட்டினேன்னு கேப்பேன்னு..."

"படுபாவி. என் காதுமேலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சு."

இருவருக்கும் சிரிப்பு வந்தது. தூரத்தில் நின்றிருந்த விற்பனையாளர் அதைப் பார்த்துவிட்டு, போனைப் பையில் போட்டுக்கொண்டு நம்பிக்கையோடு நடந்து வந்தார். அவர் வருவதற்குள் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும் என்று அவளுக்குத் தொண்டை வரை வந்தது. அப்போ சனிக்கிழமை? வாய் திறப்பதற்குள் பின்கதவு திறந்துவிட்டது.

தம்பி ஏழு சீட்டு வண்டியை எடுத்தான். அவள் சாம்பல் நிறத்தை வேண்டாம் என்றாள். குளவியை முழுசாகத் தானே வைத்துக்கொண்டாள். போல்ட்டை அவனே வந்து முடுக்கிக் கொடுத்தான். குழுவில் பல் டாக்டர் கைதட்டினார், கூரியர்காரர் முட்டிவலித் தைலம் ஒன்றைச் சிபாரிசு செய்தார்.

ஒரு வாரம் போய் அடுத்த வாரமும் வண்டி அவளிடமே இருந்தது. அது பெரிய சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். முதல் சனிக்கிழமை ஆறரைக்கே குளித்துத் தயாராகி, காபி போட்டு, இரண்டு கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப அலமாரியில் வைத்தாள். வண்டியை எடுத்துக்கொண்டு காரணமே இல்லாமல் ஊரைச் சுற்றினாள். இரண்டாவது சனிக்கிழமை தேவையே இல்லாமல் ஒரு டயர்க்கடையில் போய் நின்றாள். வண்டியில் இப்போது அந்த 'டிக்' சத்தமும் இல்லை. அதுவே என்னவோ போலிருந்தது.

மூன்றாவது சனிக்கிழமை ஏழு மணிக்குத் தம்பி வீட்டு வாசலில் போய் நிறுத்தினாள். என்ன சொல்லி உள்ளே போவது என்று யோசிப்பதற்குள் தம்பி மனைவி கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்துவிட்டாள். நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவள். எட்டு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டும் நிமிர்ந்துதான் நடந்தாள்.

"வாங்க அண்ணி. சத்தத்தை வச்சே கண்டுபிடிச்சுட்டேன். அவர் இன்னும் தூங்கறார். என்னை ஒரு சுத்து கூட்டிட்டுப் போறீங்களா?"

"இதுலயா? வேண்டாம்மா. நீ பயந்து போனதாச் சொன்னானே."

"யாரு, நானா?" அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று யோசித்தாள். "கொஞ்சம் பயம்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா நான் வயித்தைப் பிடிச்சது அதுக்கில்ல. அந்த வழுக்கல்ல உள்ள இருக்கிறது ஒரு உதை விட்டுச்சு பாருங்க, அவ்வளவு பெரிய உதை அதுவரைக்கும் விட்டதே இல்ல. நான் அசந்துபோய்ட்டேன். சொல்லலாம்னு வாயெடுத்தா, இவர் பேயறைஞ்ச மாதிரி நாற்பதுல வண்டியை ஓட்டிட்டு இருக்கார். சரி, நல்லதாப் போச்சுன்னு விட்டுட்டேன்."

"இதை அவங்கிட்டச் சொல்லவே இல்லையா?"

"சொன்னா மறுபடியும் ஆட ஆரம்பிச்சுடுவார். குழந்தை நடக்க ஆரம்பிக்கட்டும், அப்புறம் சொல்லிக்கலாம். நீங்களும் சொல்லக்கூடாது."

அவள் சரியென்று தலையை ஆட்டினாள். பிறகு கதவைத் திறந்து கைத்தாங்கலாகப் பிடித்து உட்காரவைத்து, பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே சரிசெய்து விட்டாள். நாற்பதைத் தாண்டாமல் நான்கு தெரு சுற்றினாள். கால் பரபரத்தது. பக்கத்தில் இருந்தவள், "அண்ணி, அந்த நேர் ரோட்டுல மட்டும் கொஞ்சம்" என்று இரண்டு முறை கேட்டாள். இரண்டு முறையும் முடியாது என்றாள்.

திரும்பி வந்தபோது தம்பி வாசலில் நின்றிருந்தான். தலை கலைந்திருந்தது, கையில் காபி. புது ஏழு சீட்டு வண்டி அவனுக்குப் பின்னால் வீட்டையே மறைத்துக்கொண்டு நின்றது. அவன் அதைத் தாண்டி வந்து, மனைவி இறங்குவதற்குக் கை கொடுத்தான். பிறகு குளவியை ஒரு முறை சுற்றி வந்து, முன்டயர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான்.

"காத்து குறைஞ்சிருக்குக்கா. பாக்கறதே இல்லையா?"

"நீ இருக்கும்போது நீதானே பாப்பே."

"அடுத்த சனிக்கிழமை கொண்டா, பம்ப் வச்சிருக்கேன்" என்றான், டயரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "இந்தப் பெரிய வண்டி எல்லாம் சரிதான். ஆனா ஏத்தத்துல கொஞ்சம் திணறுதுக்கா. குழுவுல கேட்டுப் பாக்கணும், இதுக்கு ஏதாவது பண்ண முடியுமான்னு."

தம்பி மனைவி அவளைப் பார்த்தாள். அவள் பார்வையைத் திருப்பிக்கொண்டு, உள்ளே இன்னொரு கோப்பை காபி இருக்குமா என்று கேட்டாள்.