ஃப்ரீசரில் இருந்த மருந்து

அம்மா மகளின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவின் மூலைக்குப் போனாள்.

"உன் லேப் ஃப்ரீசர்ல அந்த மருந்து இருக்குல்ல? போய் அப்பாவுக்கு எடுத்துட்டு வா. யாருகிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

போன வருஷம் தலைகால் புரியாமல் வீட்டுக்கு ஓடிவந்து, "மருந்து கிடைச்சிடுச்சும்மா" என்று குதித்தவள் மகளேதான். ஆராய்ச்சியில், கிருமி ஒன்று தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பிக்கொள்ள உதவும் ஒரு நொதியைத்தான் இத்தனை காலமாகக் கட்டிக்கொண்டு அழுகிறாள். அதை முடக்கும் பொருள் ஒன்று அகப்பட்டது உண்மை. ஆனால் அது வேலை செய்தது சோதனைக் குழாயில், தனியே பிரித்தெடுத்த நொதியிடம் மட்டும். உயிருள்ள கிருமியிடம் அதன் பாச்சா பலிக்கவில்லை. உள்ளே போன வேகத்தில் கிருமி அதை வெளியே துப்பிவிட்டது. இந்தப் பாதியை அவள் வீட்டில் சொல்லவே இல்லை.

"அது இன்னும் மருந்தே ஆகலம்மா."

"அப்போ அன்னிக்கு எதுக்கு அப்படி ஆடின?"

மகளுக்கு அழுகைதான் வந்தது.

உள்ளே அப்பா விழித்திருந்தார். லாரி ஓட்டிய மனிதர். காலில் பட்ட சின்னக் காயம் வழியாகக் கிருமி ரத்தத்தில் ஏறியிருந்தது. எந்த மருந்துக்கும் அது கட்டுப்படவில்லை.

"உன் ஆளுங்கதானா உள்ள?"

"ஆமாப்பா. அதே கிருமிதான்."

"டாக்டர்கிட்ட சொல்லி நாலு பேரைப் பிடிச்சுட்டுப் போ. ஓசியில கிடைக்குது, விடுவாங்களா?"

சிரித்தாள். அவர் இருமி முடிக்கும்வரை கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அன்று சாயங்காலமே போய்விட்டார்.

அதற்கப்புறம் அம்மா அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. எல்லாம் முடிந்து மகள் வேலைக்குக் கிளம்பிய காலையில், அம்மாவும் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அந்தக் கிருமியை நான் பாக்கணும்."

லேபில், கிருமி வளர்க்கும் பெட்டியின் வெளிக்கதவை மகள் திறந்தாள். உள்ளே கண்ணாடிக் கதவு. அதற்குப் பின்னால் மூடிய தட்டில் வெளிறிய புள்ளிகள். ஆஸ்பத்திரி அனுப்பிய அப்பாவின் ரத்தத்திலிருந்து வளர்ந்த கிருமிகள்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதாம்மா."

அம்மா கண்ணாடியில் விரலை வைத்தாள். சட்டென்று திரும்பினாள்.

"சூடா இருக்கு?"

"உடம்புச் சூடும்மா. அதுலதான் வளரும்."

அம்மா உள்ளங்கையை முழுசாகப் பதித்தாள். மற்றக் கையையும் வைத்தாள். சூடு போய்விடாமல் வெளிக்கதவைச் சீக்கிரம் மூட வேண்டும். மகள் அதன் கைப்பிடியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.