கண்டுபிடித்த கூலி

மத்தியாஸ் முதலாளியின் கார் மேடு கண்டால் நின்றுவிடும். சமதரையில் நல்ல பிள்ளையாக ஓடும். வில்லுக்குறி தாண்டி ஏற்றம் வந்ததும் இருமும், குலுங்கும், நடுரோட்டில் படுத்துக்கொள்ளும். நான் இறங்கித் தள்ளுவேன். முதலாளி உள்ளே உட்கார்ந்தபடியே என் வம்சத்தைத் திட்டுவார்.

அந்தக் காருக்கு நான்தான் டிரைவர். பெயர் கிளீட்டஸ். குளச்சல் கரையில் வலை இழுத்தே பழகிய குடும்பத்தில் ஸ்டீரிங்கைப் பிடித்த முதல் ஆள். அதில் என் அப்பாவுக்கு வருத்தம், எனக்குத் திமிர். காக்கிக் கோட்டு போட்டுக்கொண்டு கரையோரமாக ஹாரன் அடித்துப் போகும்போது, கூடப் பிறந்தவர்களைக்கூடத் தெரியாதவன்போல இருப்பேன். அந்தத் திமிரை அடக்க ஏழு ரூபாய் போதுமானதாக இருந்தது.

கொல்லம் ஆயிரத்து நூற்றெட்டாம் ஆண்டு, இங்கிலீஷ் கணக்கில் 1933, ஆனி மாதம். நானும் எனக்குத் தெரிந்த வைத்தியமெல்லாம் செய்து பார்த்தேன். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன், கார்புரேட்டரை வாயால் ஊதினேன். சில நாள் ஓடும். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து திங்கட்கிழமை வண்டியை எடுத்தால் பழையபடி இருமல். ஒரு தடவை அஞ்சுகிராமத்துக்குக் கருவாட்டுப் பேரம் முடிக்கப் போகும் வழியில் நின்றுவிட்டது. நாங்கள் போய்ச் சேருவதற்குள் அந்த வியாபாரி வேறொருவரிடம் கைநீட்டி முன்பணம் வாங்கிவிட்டார். திரும்பி வரும்போது முதலாளி என்னைத் திட்டவில்லை. அப்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது.

"கொண்டு போய் அந்த ராஜையன்கிட்ட விடு. நேராக்கிட்டுத்தான் இங்க வரணும்," என்றார்.

ராஜையனின் பட்டறை வடசேரியில் ஓர் ஓலைக்கொட்டகை. அவர் மிஷன் சபைக்காரர், எங்களைப்போல மாதாவைக் கும்பிடுபவர் இல்லை; கொழும்பில் வெள்ளைக்காரன் பட்டறையில் வேலை படித்தவர். அதை ஒரு நாளைக்கு நாலு பேரிடமாவது சொல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ஆனால் வேலை தெரிந்தவர்தான், அதை இல்லையென்று சொல்ல மாட்டேன். வயரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். வால்வைப் பார்த்தார். ஏற்றத்தில் ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நாள் கணக்காக இதே வேலை. கடைசியில் டேங்கை வடித்து, ஒரு வெள்ளைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெயிலில் வைத்தார். மேலே பெட்ரோல். அடியில் விரல் கனத்துக்கு வேறொன்று, தெளிவாக, அசையாமல் கிடந்தது.

"தண்ணி," என்றார். "ஏற்றத்துல இது குழாய்க்குள்ள எறங்குது, வண்டி மூச்சு முட்டிச் சாவுது. எப்பிடிலே வந்துது?"

"மழையா இருக்கும் அண்ணே."

"மழ மூடியைத் திருகித் தொறந்துட்டா பெய்யுது?"

நான் மூடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

டேங்கைக் கழுவி, குழாயை ஊதி, வண்டியைச் சரியாக்கி வைத்தார். மறுநாள் முதலாளி பஸ் ஏறி வந்தார். பஸ்ஸில் இடிபட்டு வந்த எரிச்சல் முகத்திலேயே இருந்தது. அவரைப் பார்க்கவும் பட்டறை வாசலில் ஆள் கூடியது. வாடகைக் கார் டிரைவர்கள், சோடாக்காரர், சும்மா நிற்பவர்கள்.

"ஏழு ரூபா, மொதலாளி," என்றார் ராஜையன்.

"என்ன சாமான் மாத்துனீரு?"

"சாமான் ஒண்ணும் மாத்தல்ல. கேடு எங்கேன்னு கண்டுபிடிச்ச கூலி."

"கண்டுபிடிக்கதுக்குக் கூலியா?"

முதலாளி கஞ்சர் இல்லை. கோயில் கொடிமரத்துக்கு முதலில் பணம் கொடுத்தவர் அவர்தான். ஆனால் எங்கள் கரையில் ஒரு நடைமுறை உண்டு. வள்ளத்தில் தண்ணீர் ஏறினால் ஆசாரியைக் கூப்பிடுவோம். அவர் வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிப் பார்ப்பார், காதை வைத்துக் கேட்பார், ஓட்டை இருக்கும் இடத்தில் கரிக்கோடு போடுவார். அதற்கு ஒரு நல்ல மீனும் ஒரு குப்பி கள்ளும் கொடுத்தால் போதும். பலகை மாற்றி ஆணி அடித்தால்தான் கூலி. பார்வைக்குக் கூலி கேட்ட ஆசாரி எவனும் எங்கள் கரையில் பிறக்கவில்லை. முதலாளி அந்தக் கணக்கில்தான் நின்றார்.

"வள்ளத்துல ஓட்டை எங்கேன்னு பாக்க ஆசாரி காசு கேப்பானா வேய்? பலகைக்குக் காசு, ஆணிக்குக் காசு. பார்வைக்கா காசு?"

"அப்பம் காரையும் ஆசாரிகிட்டயே கொண்டு போவும்."

"கண்டுபிடிக்க உம்மகிட்ட ஆரு சொன்னா? நேராக்கத்தானே சொன்னேன்?"

"காணாம எப்பிடி மொதலாளி நேராக்க?"

"அது உமக்க பாடு. டேங்க கழுவுனதுக்கு ஒரு ரூபா தாறேன். மீனு வேணும்னா ஒரு கூடை கொடுத்து விடுதேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். ராஜையன் முகம் கறுத்துவிட்டது. நியாயம் அவர் பக்கம்தான். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "குடுத்துருங்க மொதலாளி, பாவம், சாப்பிடாமக்கொள்ளாம மெனக்கெட்டாரு," என்றேன்.

"நீ ஆருக்க சோத்தத் திங்குதலே?" என்று முதலாளி என் பக்கம் திரும்பினார்.

ராஜையனுக்காகப் பேசிய ஒரே ஆள் நான்தான். அவர் அதைக் காதில் வாங்கினாரோ என்னவோ. கூடையும் மீனும்தான் அவர் மண்டைக்குள் கொதித்துக்கொண்டிருந்தன. உள்ளே போய் அந்தக் குப்பியை எடுத்து வந்து எல்லோருக்கும் தெரியும்படி தூக்கிப் பிடித்தார்.

"மீனுக்கு வேல செய்ய நான் ஆசாரி இல்ல. இத நல்லா பாரும். இது கேடு இல்ல மொதலாளி, களவு. பெட்ரோல எடுத்து வித்துட்டு, அளவு கொறையாம இருக்கத் தண்ணி ஊத்தியிருக்கான். உமக்க வீட்டுக் களவயில்லா கண்டுபிடிச்சுத் தந்திருக்கேன். அதுக்கு ஏழு ரூபா கூடுதலா?"

அந்த நிமிஷம் வரை களவு என்ற சொல்லே அவர் வாயில் வரவில்லை. பெட்ரோல் டின் வைத்திருக்கும் அறையின் சாவி என் இடுப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டம் முழுவதும் அதைத்தான் பார்த்தது.

"அண்ணே, இந்தத் தண்ணி அளவுக்குப் பெட்ரோல் எடுத்தா யாருக்கு விக்க முடியும்? ஒரு விளக்குக்குப் போதுமா?" என்று கத்தினேன். கத்தியதுதான் தப்பாகப் போயிற்று. குற்றமில்லாதவன் ஏன் கத்துகிறான் என்று சோடாக்காரர் பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். கோபம் இருந்தது. கோபத்தோடுகூட ஒரு நிம்மதியும் இருந்தது. ஏழு ரூபாய்க்கு வழி பிறந்துவிட்டதல்லவா!

"அப்பம் கண்டுபிடிச்ச கூலிய களவாண்டவன் குடுக்கட்டும்," என்றார். மடியிலிருந்து என் மாதச் சம்பளத்தை எடுத்து, அதில் ஏழு ரூபாயை ராஜையன் கையில் வைத்தார். மிச்சத்தை என் காலடியில் போட்டார். "காக்கிக் கோட்டயும் சாவியயும் வீட்டுல கொண்டு குடுத்துட்டுப் போயிரு. எனக்க கண்ணுல பட்டுராத."

வாசலில் நின்ற குமாரதாஸ் என்ற டிரைவரை அப்போதே வேலைக்கு வைத்து, முதலாளி காரில் ஏறிப் போனார். ராஜையன் பணத்தை முடிந்துகொண்டே என்னிடம் மெதுவாகச் சொன்னார்: "நான் களவுன்னுதான் சொன்னேன். உனக்க பேரச் சொல்லல்ல, பாத்துக்க."

நான் குனிந்து சில்லறையைப் பொறுக்கினேன்.

குளச்சலில் முதலாளி வீட்டுக்குப் பின்வாசல் வழியாகப் போனேன். வியாகுலம்மாள் முற்றத்தில் கருவாடு திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். முதலாளியின் மனைவி, எனக்கு மாமி முறை. கோட்டையும் சாவியையும் நீட்டினேன். அவள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். கண் கலங்கியிருந்தது.

"நான் நம்பமாட்டேன் மக்கா. நீ களவாண்டிருந்தா தீர்த்தம் சும்மா விட்டிருக்குமா?"

"என்ன தீர்த்தம் மாமி?"

"ஈஸ்டருக்கு முந்தின பெரிய சனிக்கிழம சாமியாரு மந்திரிச்சுத் தந்ததுதான். ஞாயித்துக்கிழமைதோறும் பூச முடிஞ்சு வந்து காருக்க வாயத் தொறந்து கொஞ்சம் ஊத்துவேன். வள்ளத்துக்கு மேல தெளிச்சாப் போதும். வண்டிக்கு உசிரு வயித்துக்குள்ளயில்லா கெடக்கு? மலைரோட்டுல பஸ்சு உருண்டு டிரைவரு செத்தான்னு கேட்டதுலேருந்து எனக்கு ஒறக்கமில்ல. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் ஊத்துனேன் மக்கா. ஒரு கீறலு பட்டுதா உங்களுக்கு?"

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே அழுகையாகிவிட்டது. அவள்மேல் கோபப்படத்தான் நினைத்தேன், முடியவில்லை. என் உயிர் போகக் கூடாது என்று தூக்கம் கெட்டு நினைத்தவள் என் வீட்டில்கூட வேறு யாரும் இல்லை. அவளைக் கையைப் பிடித்து முன்கட்டுக்குக் கூட்டிப் போனேன்.

முதலாளி அப்போதுதான் சாப்பிட்டுக் கை கழுவியிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். "மாமி சொல்லட்டும், கேளுங்க," என்றேன். அவள் என்னிடம் சொன்னதையே மறுபடி சொன்னாள். சொல்லிக்கொண்டு வரும்போதே பாதியில் நிறுத்தி என் முகத்தையும் அவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். விஷயம் புரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரமாக உட்கார்ந்துவிட்டாள்.

முதலாளி வாசல்வரை போய் வெளியே யாராவது நிற்கிறார்களா என்று எட்டிப் பார்த்தார். பிறகு வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இத ஆருகிட்டயும் சொன்னியா?"

"இல்ல மொதலாளி. நீங்கதான் சொல்லணும். ராஜையன் பட்டறைக்கு வந்து நாலு பேரு முன்னால சொன்னாப் போதும்."

"அவன்கிட்டயா? எனக்க பெண்டாட்டி தீர்த்தத்த ஊத்தித்தான் காரு நின்னுதுன்னு அவன்கிட்டப் போய்ச் சொல்லணுமா? அவன் மிஷன் சபைக்காரன்லே. நம்ம மாதாவையே கேலி பேசுத ஆளு. நாகர்கோயில் முழுக்கச் சொல்லிச் சிரிப்பான். வருசம் நாலு ஆனாலும் கார நிறுத்தி, இன்னைக்கு எத்தன குப்பி ஊத்துனாவன்னு கேப்பான். ஒரு வீட்டுக்க மானமில்லா!"

"எனக்க மானம்?"

"நீ சின்ன ஆளு. நாலு மாசம் போனா மறந்துருவாவ."

அவர் குரலில் கொடுமை எதுவும் இல்லை. ஒரு புத்திமதிபோலத்தான் சொன்னார். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

"தண்ணி கெடக்குன்னு கண்டுபிடிச்சவருக்கு ஏழு ரூபா. அதுவும் எனக்க சம்பளத்துல. அது எங்கேருந்து வந்துதுன்னு கண்டுபிடிச்சது நான். எனக்கு என்ன தருவீரு மொதலாளி?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கண்டுபிடிக்க உன்கிட்ட ஆருலே சொன்னா?"

மாமி சுவரோரமிருந்து அழுதாளே தவிர எனக்காக வாய் திறக்கவில்லை. வீட்டுக்குள்ளேயே திறக்காத வாய் வெளியே திறக்குமா? நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.

சொல்லாமல் இல்லை, ஊரெல்லாம் சொன்னேன். கரையில் சொன்னேன், பஸ் நிற்கும் இடத்தில் சொன்னேன், ராஜையன் முகத்துக்கு நேரேயும் போய்ச் சொன்னேன். அவர் சிரித்தார். நம்பிச் சிரிக்கவில்லை. "களவு பிடிபட்டதும் ஒரு பாவப்பட்ட பொம்பளைக்க தலையில வைக்கியா?" என்றார். கரையில் அதைவிட மோசம். மந்திரித்த தீர்த்தத்தின் மேலேயே பழி போட்டான் என்று என் அப்பாவே ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. கள்ளன் என்ற பெயரோடு, பாவி என்ற பெயரும் சேர்ந்தது. கோயிலில் என் பக்கத்தில் மண்டியிடக்கூட ஆள்கள் யோசித்தார்கள்.

முதலாளி ஒரு காரியம் செய்தார். கொல்லனைக் கூப்பிட்டு டேங்க் மூடிக்கு ஒரு பூட்டுப் போட்டார். சாவியைத் தன் அரைஞாணில் கட்டிக்கொண்டார். ஏன் பூட்டு என்று யார் கேட்டாலும், "ஒருக்கா பட்டாச்சுல்லா," என்பார். மாமி இப்போது காருக்கு வெளியே மட்டும் தெளிக்கிறாளாம்.

நான் இப்போது கரையில் கருவாட்டு மூட்டை சுமக்கிறேன். லைசென்ஸை இன்னும் எறியவில்லை. நெய்யூர்ப் பக்கம் ஜெபசீலன் என்ற ஒப்பந்தக்காரர் புதிதாகக் கார் வாங்கி, டிரைவர் தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன். நல்ல சட்டையாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு போனேன். வண்டியை ஓட்டிக் காட்டச் சொன்னார். பேச்சிப்பாறை ரோட்டு ஏற்றத்தில் ஒரு குலுக்கல் இல்லாமல் ஏற்றி இறக்கினேன். மனிதருக்குத் திருப்தி. சம்பளம்கூடப் பேசிவிட்டார். கிளம்பும்போதுதான் பெயரும் ஊரும் கேட்டார். சொன்னேன்.

தாடையைத் தடவிக்கொண்டார்.

"மத்தியாசுக்க கார ஓட்டுனது நீயா? இல்ல, ஒண்ணு கேக்கட்டா? நீ போன பெறகு அந்தக் காரு ஒரு மேட்டுலயும் நிக்கல்லியாமே?"

"நிக்கல்ல," என்றேன்.

அது உண்மைதான். அதற்குக் காரணம் நான் இல்லை, மூடியில் தொங்கும் பூட்டு என்று சொன்னால் யார் நம்புவார்கள்?