தேவாலய முற்றத்தில் ஓர் இடம்

"அதை மட்டும் விட்டுட்டுப் போங்க சார். இவருக்கு நெஞ்செல்லாம் சளி," என்றாள் மார்வா.

நகராட்சி ஆய்வாளர் ராய்ஸ் கூடார வாசலில் குனிந்து நின்று, ஹீட்டரின் வயரைக் கையில் சுற்றிக்கொண்டிருந்தார். கல்நெஞ்சக்காரர் என்று அவரைச் சொல்லிவிட முடியாது. கொட்டும் மழையிலும் தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினார்.

"கூடாரத்துக்குள்ள ஹீட்டர் கூடாதும்மா. ஒண்ணு பத்திக்கிட்டா எல்லாம் போயிடும்."

"எது பத்திக்கும்? மெத்தையே ஊறிப்போய்க் கெடக்கு," என்றார் போர்வைக்குள்ளிருந்து டெல்பர்ட். அதற்குமேல் பேச இருமல் விடவில்லை.

டெல்பர்ட் பள்ளிப் பேருந்து ஓட்டியவர். அவரும் மனைவி மார்வாவும் ஒரு டிரெய்லர் வீட்டில் வாழ்ந்தார்கள். வீடு அவர்களுடையது, நிலம் வேறொருவருடையது. அடுக்குமாடி கட்ட நிலக்காரர் அதை விற்றபோது, நகர்த்தினால் உதிர்ந்துவிடும் அளவுக்கு டிரெய்லர் பழசாகியிருந்தது. கொஞ்ச காலம் காரிலேயே படுத்தார்கள். காரும் கைவிட்டுப் போனபின் இந்தக் கூடார முகாமில் சேர்ந்தார்கள். ஊர் ஊராக, தேவாலயம் தேவாலயமாக நகர்கிற முகாம் அது. இப்போது லூத்தரன் சபை தன் கார் நிறுத்துமிடத்தைக் கொடுத்திருந்தது. நான்கே மாதம், அதற்குப் பின் ஒரு வருடத்துக்கு அதே இடத்தில் முகாம் கூடாது என்பது நகராட்சியின் நிபந்தனை.

சபையின் போதகர் கிர்ஸ்டன் குடையோடு ஓடிவந்தார்.

"அப்ப இவரை சர்ச் ஹாலுக்குள்ள படுக்க வெச்சுக்கறேன் ராய்ஸ். உள்ள கதகதப்பா இருக்கு, யாருமில்லாம சும்மாதான் கெடக்கு."

"முடியாது பாஸ்டர். கூரையில தீயணைக்கிற தண்ணிக் குழாய் இல்லாத கட்டடம் அது. பகல்ல உக்காரலாம். தூங்கத்தான் கூடாது."

"ஞாயித்துக்கிழமை பிரசங்கத்துல பாதிப் பேர் தூங்குறாங்களே, அவங்களுக்கெல்லாம் அனுமதி இருக்கா?" என்றார் டெல்பர்ட்.

கிர்ஸ்டன் சிரித்துவிட்டார். ராய்ஸுக்கும் உதடு துடித்தது; அடக்கிக்கொண்டார். "நான் கண்டுக்காம போயிடுவேன் சார். எதிர்வீட்டுக்காரங்க போட்டோ எடுத்து அனுப்பிடுறாங்க. சபையோட அனுமதியே ரத்தாயிடும். அப்புறம் எல்லாரும் ரோட்டுல."

எல்லாரும் என்ற சொல்லைக் கேட்டு மார்வா அடுத்த கூடாரத்தைத் திரும்பிப் பார்த்தாள். அங்கே கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள்.

அதன்பின் டெல்பர்ட் பகலெல்லாம் ஹாலில் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கண் சொருகினால் மார்வா தோளைத் தட்டி எழுப்புவாள். சபைப் பெண்கள் சூப் கொண்டுவந்து கொடுத்தார்கள். இருட்டியதும் அவரைக் கைத்தாங்கலாக மழைக்குள் கூட்டிப்போவாள்.

கெடு முடிய ஒரு வாரம் இருக்கையில் நிமோனியா என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அவர் தேறி வரும்வரையாவது முகாம் இருக்கட்டும் என்று கேட்கப் போதகர் நகரசபைக் கூட்டத்துக்குப் போனார். மார்வாவும் போனாள்.

"எங்களுக்கும் மனசிருக்கு. நாங்களும்தான் போர்வை கொடுத்தோம்," என்றாள் எதிர்வீட்டுப் பெண். "ஆனா தற்காலிகம்னு சொல்லித்தானே வந்தாங்க?"

நிறையப் பேர் தலையாட்டினார்கள். நகரசபை உறுப்பினர்கள் வருந்தினார்கள், மறுத்தார்கள். அந்த வாரமே டெல்பர்ட் இறந்துபோனார்.

முகாம் கிளம்பும் நாளன்று காலை எல்லாரும் கூடாரங்களைச் சுருட்டி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மார்வாவின் கூடாரத்தை ராய்ஸே மடித்துக் கட்டிக் கொடுத்தார். அவளிடம் ஒரு சிறு பெட்டி இருந்தது, டெல்பர்ட்டின் சாம்பல். அதை வைத்துக்கொண்டு எங்கே அலைவாய் என்று கேட்டு, கிர்ஸ்டன் அவளைத் தேவாலயத்தின் பின்பக்கம் அழைத்துப்போனார். அங்கே கற்சுவரில் வரிசையாகச் சிறு மாடங்கள் இருந்தன. இறந்துபோன சபையாரின் சாம்பல் வைக்குமிடம். போதகர் ஜெபம் சொல்லிப் பெட்டியை ஒன்றில் வைத்தார்.

"பாஸ்டர், இதுக்கு நகராட்சி அனுமதி வாங்க வேணாமா?"

"வேணாம் மார்வா."

"எத்தனை மாசம் விடுவாங்க?"

"கெடு கிடையாது. எப்பவும் இங்கயே இருக்கலாம்."

மார்வா மாடத்துக்குள் கைவிட்டுப் பார்த்தாள். ஈரமே இல்லை.

"பக்கத்துல இன்னொரு பெட்டிக்கு இடம் இருக்கு போல."

"இருக்கு. உனக்குத்தான்."

"அப்ப நானும் இந்த ஊர்லயே இருக்க ஒரு வழி இருக்கு," என்றாள் மார்வா.

லாரி ஹாரன் அடித்தது. அவள் ஏறப் போனாள்.