பதினெட்டாம் மைல் மாமியார்

அறுபத்தாறு வயதான ஒரு மனிதன் அக்காவிடமும் தங்கையிடமும் ஏச்சு வாங்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்க முடியாதா என்று கேட்டால், சின் ஹுவாட்டைப் பொறுத்தவரை முடியாது. அதுவும் டுரியான் பழம் விழுகிற பருவத்தில் முடியவே முடியாது.

எல்லாம் ஒரு தோட்டத்தால் வந்த வினை. ஜொகூரில், கோத்தா திங்கிக்குப் போகிற வழியில், அப்பா வாங்கிப் போட்ட நாலு ஏக்கர். வீடு சிங்கப்பூரில், மரம் மலேசியாவில். சொந்த மரத்துப் பழத்தைத் தின்னக் கடவுச்சீட்டோடு வரிசையில் நின்ற குடும்பம் அது. இரண்டு நாட்டையும் இணைக்கிற பாலம் தாண்டுவதற்குள் மூன்று பிள்ளைகளில் ஒன்று வாந்தி எடுக்கும். அது யார் என்று தங்கை பீ சூ இன்றுவரை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தோட்டத்தை விற்றுப் பதினோரு வருடமாகிறது. கையெழுத்துப் போட்டது மூன்று பேரும்தான். ஆனால் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டியவன் சின் ஹுவாட் என்பதால், விற்ற பாவி அவன்தான் என்று குடும்பத்தில் தீர்ப்பாகிவிட்டது.

அறுபது மரம் இருந்தும் பேச்சில் நின்றது ஒன்றுதான். கிணற்றோரம் இருந்த கிழட்டு டுரியான் மரத்துக்கு அப்பா 'மாமியார்' என்று பேர் வைத்திருந்தார். முதல் வாய் கசக்கும், எந்த நேரத்தில் தலையில் போடும் என்று தெரியாது, ஆனாலும் விட்டுவிட்டு வர மனசு வராது என்று அவர் விளக்கம் சொன்னபோது, அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்புறம் அவளே அந்தப் பேரைச் சொல்லத் தொடங்கிவிட்டாள்.

அப்பாவின் சட்டம் ஒன்றே ஒன்று. எந்தப் பழத்தின் காம்பிலும் கத்தி படக்கூடாது. "அதுவா குடுக்கற வரைக்கும் நாம கேக்கக்கூடாது" என்பார். தகரக் கொட்டகையில் காத்துக் கிடப்பார்கள். தொப்பென்று சத்தம் கேட்டதும் மூன்று பிள்ளைகளும் ஓடுவார்கள். முதலில் தொட்டவருக்கு முதல் சுளை. எப்போதும் மூத்தவள் குவாட் எங்தான் ஜெயிப்பாள், மற்ற இருவரையும் தள்ளிவிட்டு ஓடினால் யாரும் ஜெயிக்கலாம்.

இந்த வருடம் பீ சூ வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள். ஓய்வு பெற்ற மறுநாளே ஆரம்பித்துவிட்டாள்.

"அண்ணே, மாமியாரப் பாக்கணும். வித்தா என்ன, வேலிக்கு வெளியில நின்னு ஒரு கும்பிடு போட்டுட்டு வரக்கூடாதா?"

சின் ஹுவாட் வண்டியில் பிரேக் சரியில்லை என்றான். பாலத்தில் நாலு மணி நேரம் நிற்கணும் என்றான். மழை வரும் என்றான்.

"வித்தவனுக்கு அந்தப் பக்கம் போக மூஞ்சி இல்ல, அதான்" என்றாள் குவாட் எங். "வாடா. மாமியார் ஒண்ணும் உன்னக் கடிச்சிட மாட்டா."

அவன் பயம் வேறு. போனால் பார்க்க அங்கே மாமியார் இல்லை. விற்பதற்கு ஐந்து வருடம் முன்பே இடி விழுந்து அது பிளந்து சாய்ந்திருந்தது. அதைப் பார்த்தது அவன் மட்டும்தான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், சகோதரிகளுக்கு வேலை, பிள்ளைகள், பரீட்சை. முழங்கால் விட்டுப்போய் வீட்டோடு கிடந்த அம்மா வருடத்துக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்பாள், மாமியார் பழம். அவளிடம் போய் மரம் செத்துப்போச்சு என்று எப்படிச் சொல்வது? தோட்டத்துக்குப் போகிற வழியில், பதினெட்டாம் மைலில் ஒரு கடையில் வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான். அம்மா ஒரு சுளை தின்றுவிட்டு, "மாமியார் இந்த வருஷமும் நல்லாத்தான் இருக்கா" என்றாள். நாலு பருவம் அப்படியே ஓடியது. பிறகு அம்மாவும் போனாள். யாருக்காக வைத்துக்கொள்வது என்றுதான் அடுத்த வருடம் விற்றான். இது தெரிந்தால், சாகக் கிடந்த தாய்க்குக் கடைப் பழத்தைக் கொடுத்து ஏமாற்றியவன் என்ற பேர் வரும். அதற்கு, விற்ற பாவி என்ற பேரே பரவாயில்லை என்று பதினோரு வருடமாக வாயை மூடிக்கொண்டிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் கிளம்பியபோது, பாலத்தில் வரிசை ஒரு மணி நேரத்தில் நகர்ந்துவிட்டது. மழையும் வரவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு யோசனை செய்தான். வயிறு முட்டத் தின்ன வைத்துவிட்டால் இரண்டு பேரும் தூங்கிப்போவார்கள், அப்படியே வண்டியைத் திருப்பிவிடலாம்.

"வழியில ஒரு கடை இருக்கு. சாப்பிட்டுட்டுப் போவோம்" என்றான்.

பயத்தில் புத்தி எங்கோ போய்விட்டது. தெரிந்த கடை என்று பதினெட்டாம் மைலிலேயே நிறுத்தினான்.

கடைக்காரர் பாக் ரொஸ்லானுக்கு முடி நரைத்திருந்தது, ஞாபகம் நரைக்கவில்லை.

"அடடே, முதலாளி. பன்னண்டு வருஷமாச்சா? உயிரோடதான் இருக்கீங்களா?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். "பழம் பாக்கறேன், உக்காருங்க. செம்மண் வாளி எடுத்து வைக்கட்டுமா?"

"செம்மண்ணா? எதுக்கு?" என்றாள் பீ சூ.

"அதை ஏன் கேக்கறீங்க. எல்லாரும் பழத்தக் கழுவிக் குடுங்கன்னு கேப்பாங்க. இவர் மட்டும் பின்பக்கம் குந்திக்கிட்டு, முள்ளு முள்ளா மண்ணு பூசி எடுத்துட்டுப் போவாரு. மரத்துலேருந்து விழுந்த மாதிரி இருக்கணுமாம்."

சின் ஹுவாட் பலகையில் உட்கார்ந்துவிட்டான். இனி மறைக்க ஒன்றுமில்லை. இடி விழுந்ததிலிருந்து கடைசிப் பழம் வரை எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடியே சொல்லி முடித்தான்.

பீ சூ அண்ணன் பக்கம் திரும்பினாள். "அப்ப நான் அம்மா வீட்டுல தின்னுட்டு, கண்ண மூடிக்கிட்டு, இத எங்க வச்சாலும் கண்டுபிடிச்சிடுவேன்னு சொன்னேனே. அது?"

"அது இந்தக் கடைதான். விலை கிலோ எட்டு வெள்ளி."

"ஏண்ணே இப்படிப் பண்ணுன?"

அவன் பதில் சொல்வதற்குள் குவாட் எங் சிரித்தாள். கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

"பதினோரு வருஷம்டா ஹுவாட். பதினோரு வருஷமா வித்தவன் வித்தவன்னு உன்னக் குத்திக்கிட்டே இருந்தேன். இன்னைக்காவது ரோசம் வந்து உண்மையக் கக்குவான்னு பாத்தேன். நீ கல்லு மாதிரி உக்காந்திருந்த."

"உனக்குத் தெரியுமா?"

"எனக்கு எங்க தெரியும். அம்மாவுக்குத் தெரியும். மொத வருஷமே என்னக் கூப்பிட்டுக் காம்பக் காட்டுனா. மண்ணெல்லாம் அழகாப் பூசியிருந்த. ஆனா கடைக்காரன் காம்பக் கத்தியால நறுக்கியிருந்தான். தானா விழுந்த பழத்துக்குக் காம்பு எப்படிக் கழண்டிருக்கும்னு அப்பாவோட பொண்டாட்டிக்குத் தெரியாதா? கத்தி பட்ட பழம் எப்படிடா நம்ம தோட்டத்துலேருந்து வரும்?"

சின் ஹுவாட் ஒரு பழத்தைக் கையிலெடுத்துப் பார்த்தான். காம்பு சீராக வெட்டப்பட்டிருந்தது. நாலு வருடம் முள்ளைப் பார்த்தவன், நுனியைப் பார்க்கவில்லை.

"அம்மா என்ன சொன்னா?" என்று கேட்டான்.

குவாட் எங்குக்குச் சிரிப்பு நின்றது. "மரம் போயிடுச்சு போலன்னா. அப்புறம், அவன் நகத்துக்குள்ள பூரா செம்மண்ணு இருக்கு, பிள்ள ரொம்பப் பாடுபட்டிருக்கான், நல்லா இருக்குன்னு சொல்லுன்னா."

சின் ஹுவாட் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அறுபத்தாறு வயதில் சாலையோரக் கடையில் உட்கார்ந்து அழுவது கேவலம்தான், அழுதான். பீ சூ அங்கே கிடந்த ஒரு காலி டுரியான் ஓட்டில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுவந்து நீட்டினாள்.

"மூஞ்சியக் கழுவு அண்ணே. திரும்பிப் போக இன்னும் பாலம்கூடத் தாண்டல, அதுக்குள்ள வாந்தி எடுக்கற மூஞ்சியா வச்சிருக்க."

பாக் ரொஸ்லான் ஒன்றும் புரியாமல் பழத்தைப் பிளந்து நடுவில் வைத்தார். அக்காதான் முதலில் கை நீட்டினாள், தம்பியை முழங்கையால் இடித்துத் தள்ளிவிட்டு. ஆனால் எடுத்த சுளையைத் தன் வாயில் போடாமல் அவன் கையில் வைத்தாள்.

கசந்தது. அவன் மெதுவாக மென்று முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தார்கள்.

"எப்படிடா இருக்கு?"

"மாமியார் இந்த வருஷமும் நல்லாத்தான் இருக்கா" என்றான் சின் ஹுவாட்.