மூன்றாவது சோபா

“மூணாவது! இது மூணாவது சோபா! நேத்து ராத்திரி கடைசி தையல் போட்டேன், இன்னைக்குக் காலையில வயிறு வெளியே கிடக்கு!”

“கத்தாதீங்கண்ணா. குட்டி பயப்படுது.”

“எது? அதோ வாலை ஆட்டிக்கிட்டு நிக்குதே, அதுவா?”

ஏற்கெனவே தண்ணீர் ஊற்றியிருந்த செடிகளுக்கு நான் மறுபடியும் ஊற்றப் போனேன். பக்கத்து வீட்டுச் சண்டை அங்கிருந்துதான் நன்றாகக் கேட்கும்.

கத்தியவர் சோபாக்காரர். பழைய சோபாக்களைப் பிரித்து, புது ஸ்பாஞ்சும் துணியும் போட்டுக் கொடுப்பது தொழில். பட்டறை வீட்டின் பின்கட்டிலேயே இருந்தது. எதிர்த்துப் பேசியவள் அவருடைய தங்கை, மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. ஆறு மாதக் குட்டிநாய் அவள் கொண்டுவந்தது. தன் கடை மேலாளரின் முகச்சாயல் இருப்பதாகச் சொல்லி, அதற்கு ‘மேனேஜர்’ என்றே பெயர் வைத்திருந்தாள். தினமும் மாலையில் வந்து, “மேனேஜர், உக்காரு! மேனேஜர், வாயை மூடு!” என்று அதட்டும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும்.

“சனிக்கிழமை பல் டாக்டரோட சோபா போகணும்,” என்றார் அண்ணன். “அதுல ஒரு கீறல் விழுந்தாலும் நாய் வெளியே. அவ்வளவுதான்.”

“அது போனா நானும் போறேன்.”

“போறவங்க சாப்பிட்டுட்டுப் போங்க,” என்று அடுக்களையிலிருந்து அண்ணியின் குரல் வந்தது.

தங்கை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அன்றே கடையில் வாடகை அறை விசாரித்தாள் என்பது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்பது இங்கே வேண்டாம்.

பழக்குவதில் அவள் குறை வைக்கவில்லை. காலையும் மாலையும் ஓடவிட்டாள். கடிக்க ரப்பர் எலும்பு வாங்கினாள். வாயில் எதையாவது கவ்வினால் “விடு” என்று சொல்லி, விட்டதும் பிஸ்கட் கொடுத்தாள். கால்நடை மருத்துவர் சோபாவில் பூசச் சொல்லி ஒரு கசப்புத் தைலம் தந்தார். மேனேஜர் அதைச் சுத்தமாக நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று பார்த்தது. மற்றபடி தங்கமான குட்டி. செருப்பைத் தொடாது, தலையணையைத் தொடாது. சோபா மட்டும் கண்ணில் படக் கூடாது. ஏன் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை.

எனக்குப் புரியும். யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை குட்டி சாப்பிடவில்லை. தங்கை விடுப்பு போட்டுவிட்டு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஈறில் ஒரு பின் குத்தியிருந்ததாம், துணியைக் கட்டையோடு சேர்த்து அடிக்கிற பின். எடுத்துக் கொடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்திருக்கிறாள். துருப்பிடித்த பின்.

சோபாக்காரர் வீட்டுப் பெண்ணாயிற்றே. அண்ணன் அடிக்கிற புதுப் பின் பளபளக்கும். துரு என்றால் அது பழைய சோபாவின் பின். குட்டி கிழித்து மாட்டிக்கொண்ட மூன்றும் புதியவை. அப்படியென்றால் பழைய சோபாவில் இதற்கு என்ன வேலை?

நேரே என் வீட்டுக்கு வந்தாள். “அக்கா, உங்க பாத்ரூம் ஜன்னல்ல நின்னா எங்க பட்டறை தெரியுமா?”

“நான் அந்தப் பக்கமே பாக்கிறதில்லம்மா,” என்றேன். பிறகு நேரம் வாரியாக எல்லாவற்றையும் சொன்னேன்.

பழைய சோபாவைப் பிரிப்பதுதான் அந்தத் தொழிலிலேயே சள்ளை பிடித்த வேலை. நூற்றுக்கணக்கான பின்களை நெம்பி, மக்கிய துணியை உரித்து, ஸ்பாஞ்சைப் பிய்க்க அரை நாள் போய்விடும். சோபாக்காரர் மூலையில் ஒரு கீறல் போடுவார், சீட்டி அடிப்பார். மேனேஜர் பாய்ந்து வரும். “இழு ராஜா! அப்படித்தான்! சபாஷ்!” ஒரு மணி நேரத்தில் சோபா எலும்புக்கூடாகிவிடும். ராஜாவுக்கு நாலு பிஸ்கட். சாயங்காலம் தங்கை வருகிற நேரத்துக்கு, “சீ, கிட்ட வராதே!” என்று விரட்டுவார்.

பழையதைக் கிழித்தால் பிஸ்கட், புதியதைக் கிழித்தால் திட்டு. துணியின் வயதைக் கண்டுபிடிக்க அதற்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? ஒவ்வொரு முறையும் பாவம், பிஸ்கட் எங்கே என்றுதான் வாலை ஆட்டியிருக்கிறது.

அன்று சாப்பாட்டுத் தட்டில் அந்தப் பின்னை வைத்தாள் தங்கை. சோபாக்காரர் அதைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச் சோற்றைப் பிசைந்தார்.

“அதுக்கும் பொழுது போகணும்ல,” என்றார்.

“இந்த வீட்டுல ஒத்தாசைக்கு ஆளே இல்லைன்னு ஆறு மாசமா என்னைத் திட்டினீங்களே,” என்றாள் அண்ணி.

“சொல்லுங்கண்ணா. நாய் வெளியே போகணுமா, வாத்தியார் போகணுமா?”

பட்டறைக்கு மறுநாளே அரைக்கதவு போடப்பட்டது. அவர் தனியாகப் பின் நெம்பினார். குட்டி கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து முனகியது. அந்தப் பக்கமும் முனகல் கேட்டது.

சனிக்கிழமை பல் டாக்டரின் சோபாவை ஏற்ற வேன் வந்தது. வேன் டிரைவரும் அண்ணனும் தூக்கி வாசலில் இறக்கி வைத்த அந்த ஒரு நிமிடத்தில் மேனேஜர் நழுவி வந்து, மெத்தை மூலையைக் கவ்விக்கொண்டது.

“விடு!” என்றாள் தங்கை. அது அவளைப் பார்க்கவே இல்லை. அண்ணனைப் பார்த்தது.

“நீங்க சொல்லுங்கண்ணா. சோபா விஷயத்துல நீங்கதான் அதுக்கு முதலாளி.” எங்கள் தெருவில் பாதிப் பேர் வேலை வெட்டியை விட்டுவிட்டு நின்றிருந்தோம்.

சோபாக்காரர் தொண்டையைச் செருமினார். “விடு ராஜா,” என்றார், கெஞ்சுகிற குரலில்.

விட்டது. கீறல் இல்லை, ஈரம் மட்டும். அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போய் ஒரு பிஸ்கட்டோடு வெளியே வந்தது.

டிரைவர் தன் துண்டால் ஈரத்தைத் துடைத்தார். “பல் டாக்டர் வீட்டுக்குத்தானே போகுது? எச்சில் அவருக்குப் புதுசா என்ன?” என்றார். தங்கை சிரித்தாள். ஒரு வாரமாக அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

எட்டு மாதத்தில் அந்த டிரைவருக்கே அவள் கழுத்தை நீட்டினாள். வேன் கம்பெனி அவரை வேறு ஊருக்கு மாற்றியதும் குட்டியையும் கூட்டிக்கொண்டு போனாள். “நாய் இங்கேயே இருக்கட்டுமே, பழகின இடம்,” என்று அண்ணன் மூன்று தடவை சொல்லிப் பார்த்தார். அவள் மசியவில்லை.

போன மாதம் சோபாக்காரரும் அண்ணியும் வீட்டைக் காலி செய்துகொண்டு அந்த ஊருக்கே போய்விட்டார்கள். அங்கே தொழில் நன்றாக நடக்குமாம். பட்டறைக்குக் கிடைத்த இடம் தங்கை வீட்டுக்கு நேர் எதிரிலாம். தற்செயலாக அமைந்தது என்கிறார்.