ஒரு ஸ்பூன் தைலம்

மகள் கெஸியைப் புதைத்துப் பதினோரு நாள் ஆகியிருந்தது. அன்று காலைதான் எப்ராயிம் மறுபடி காய்ச்சும் கொட்டகைக்குப் போனான்.

கூட்டாளி ஹான்ரஹன் அண்டாவுக்குள் நின்று யூகலிப்டஸ் தழையை மிதித்து அடைத்துக்கொண்டிருந்தான். இவனைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி, மறுபடி வைத்துக்கொண்டான்.

"வந்துட்டியா. ரெண்டு ஆள் வேலையை ஒத்தையா மிதிச்சு என் முழங்கால் கழண்டுபோச்சு."

"சரி, இறங்கு."

"வீட்ல ஹெஸ்டர் எப்படி இருக்கா?"

"பேசறதில்லை."

"அழறாளா?"

"அதுவும் இல்லை."

ஹான்ரஹன் இறங்கினான். மூடியைச் சேர்ந்து தூக்கி வைத்தார்கள். ஆவி கசியாமல் விளிம்பில் களிமண் பூசினார்கள். முன்பு வெந்து காய்ந்த தழையே இன்றைக்கு விறகு. குளத்து நீருக்குள் கிடந்த குழாய் வழியே ஆவி குளிர்ந்து, மறுமுனையில் சொட்டத் தொடங்கியது. தகரப் பாத்திரத்தில் நீர் கீழே தங்கியது. தைலம் மேலே மிதந்தது.

எப்ராயிமின் மூக்குக்கு அதன் வாசனை மரத்துப்போய் ஆறு வருடம் ஆகிறது. வீட்டில் யாருக்குமே அது உறைக்காது. ரொட்டியில், தலையணையில், குடிக்கிற தண்ணீரில் அதுதான். தேவாலயத்தில் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு கெஸியைக் கேலி செய்வார்கள். அவளுக்கு ஐந்து வயது. அதில் அவளுக்குக் கொஞ்சமும் வருத்தம் கிடையாது.

"எங்க அப்பா வந்தா கொசுவெல்லாம் செத்துப்போகும். உங்க அப்பா வந்தா சாகுமா?"

எப்ராயிம் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அவனுடைய கோட்டுப் பையில் ஒரு பாட்டில் இருந்தது. சனிக்கிழமை குதிரையில் டவுனுக்குப் போய் மருந்துக்கடையில் வாங்கியது. வாங்கியதை யாரிடமும் சொல்லவில்லை.

கடைப் பாட்டிலில் இருப்பது வெறும் தைலம் இல்லை. சாராயத்தில் கொஞ்சம் தைலத்தைக் கலந்து, வெல்லப்பாகு சேர்த்த மருந்து. பழுப்புக் கண்ணாடி. குழந்தைகளுக்கு ஒரு தேக்கரண்டி என்று லேபிளில் போட்டிருக்கும். சளி, இருமல், வயிற்றுவலி எதுவானாலும் ஹெஸ்டர் அதைத்தான் எடுப்பாள். கொட்டகைத் தைலத்தை அவள் தொட்டதே இல்லை.

"உன் சரக்கு குதிரைக் காலுக்குத்தான் ஆகும். என் பிள்ளைங்களுக்கு வேணாம்."

"நான் காய்ச்சறதைத்தான் கடைக்காரன் ஊத்தி விக்கறான்."

"அவன் கை பட்டாதான் அது மருந்து. உன் கை பட்டா விளக்கெண்ணெய்."

அந்தத் தென்கோடி நாட்டுக்குக் குளிர்காலமான ஜூன் மாதத்தின் கடைசியில் பாட்டில் காலியானது. வாங்கி வரச் சொன்னாள். எப்ராயிம் டவுனுக்குப் போகவில்லை. காலிப் பாட்டிலைக் கொட்டகைக்கு எடுத்து வந்து, அன்று இறங்கிய தைலத்தை நிரப்பி, பழைய இடத்தில் வைத்தான். சாப்பாட்டின்போது ஹெஸ்டர் அதைப் பார்த்தாள்.

"மறக்காம வாங்கிட்டு வந்திருக்கியே. உனக்குக்கூட அறிவு வருது."

எப்ராயிம் தலையாட்டினான். வாயில் ரொட்டி இருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டான். அவள் அதைத் தன் முதுகில் தேய்த்துவிட்டு, கடைச் சரக்கு கடைச் சரக்குதான் என்று சொல்வாள்; குழந்தைக்குக் குடிக்கக் கொடுப்பாள் என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை உண்மையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று நினைத்திருந்தான்.

கெஸிக்குச் செவ்வாய்க்கிழமை இருமல் வந்தது.

அவன் கொட்டகையில் இருந்தான். ஹெஸ்டரின் கூச்சல் கேட்டு ஓடினான். குழந்தை வாந்தி எடுத்திருந்தாள். குடிகாரன்போலத் தள்ளாடி இரண்டு அடி வைத்து விழுந்தாளாம். அவன் தூக்கியபோது கண்ணைத் திறந்து அவனைப் பார்த்தாள். பிறகு தூங்கிப்போனாள். மூச்சு இழுத்து இழுத்து வந்தது. ஹான்ரஹன் டாக்டரைக் கூட்டி வர மூன்று மணி நேரம் ஆனது. அதற்குள் அதுவும் நின்றுவிட்டது.

டாக்டர் குனிந்து குழந்தையின் வாயருகே மூக்கை வைத்தார்.

"தைல வாசனை அடிக்குது."

"தைலக்காரன் வீடு டாக்டர்" என்றாள் ஹெஸ்டர். "ஒரு ஸ்பூன் கொடுத்தேன். லேபிள்ல போட்டிருக்கிற மாதிரிதான்."

அவர் பாட்டிலை வாங்கி லேபிளைப் படித்தார். "அளவு சரிதாம்மா. இது தொண்டை அடைப்பு. இந்தக் குளிர்ல நான் பாக்கற மூணாவது குழந்தை." காகிதத்தில் அப்படியே எழுதினார்.

வாசலில் நின்ற எப்ராயிம் எல்லாவற்றையும் கேட்டான்.

டாக்டர் போனதும் சொல்லலாம் என்று இருந்தான். பிறகு, அடக்கம் முடிந்ததும் என்று இருந்தான். எதிலும் கலக்காத தைலம் ஒரு ஸ்பூனே குழந்தைக்கு விஷம்; ஊற்றியது அவள் கை. சொன்னால் அந்தக் கையை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

அடக்கம் முடிந்த அன்றே ஹெஸ்டர் கெஸியின் தொப்பிப் பெட்டியைக் காலி செய்து, அந்தப் பாட்டிலையும் கழுவாத ஸ்பூனையும் அதற்குள் வைத்தாள். குழந்தையின் வாய் கடைசியாகப் பட்ட ஸ்பூன். பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். அந்த அறையை விட்டு அவள் நகரவில்லை. எப்ராயிம் பத்து நாளாக அந்தப் பாட்டிலை எடுக்கச் சமயம் பார்த்தான். கிடைக்கவில்லை.

இன்று திங்கட்கிழமை. துணி துவைக்க அவள் குளத்துக்கு வந்தால் பத்து நிமிடம் போதும். பாட்டிலை மாற்றி வைத்துவிடலாம். பிறகு சொல்வதா வேண்டாமா என்று ஆயுள் முழுக்க யோசிக்கலாம்.

உச்சிவேளை ஆகியும் அவள் குளத்துக்கு வரவில்லை.

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு" என்றான் ஹான்ரஹன். "அடுப்பை நீ முறைச்சா அது அதிகமா எரியாது."

எப்ராயிம் எழுந்தான். முற்றத்தில் கால் வைக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது. நாய் குரைப்பதுபோன்ற இருமல். சைலஸ். பத்து மாதக் குழந்தை.

உள்ளே ஓடினான்.

தொப்பிப் பெட்டி மேசைமேல் திறந்து கிடந்தது. ஹெஸ்டர் குழந்தையை இடுப்பில் வைத்திருந்தாள். ஒரு கையால் பாட்டிலின் தக்கையைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை வந்த. இவனைப் பிடி."

"என்ன பண்ற?"

"அன்னிக்கு ஒரு ஸ்பூன் கொடுத்தேன். பத்தலை. பதினோரு நாளா இதையேதான் நினைச்சுக்கிட்டு இருக்கேன், எப்ராயிம். கையில மருந்தை வச்சுக்கிட்டு அளவு பாத்தேன். ரெண்டு கொடுத்திருந்தா பிழைச்சிருப்பா." தக்கை வந்துவிட்டது. "இவனுக்கு ரெண்டு கொடுக்கப் போறேன்."

அவன் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்தான். ஸ்பூன் தரையில் விழுந்தது.

"விடு. பிள்ளைக்கு மூச்சு முட்டுது."

"அது வேணாம். இதைக் கொடு." கோட்டுப் பையிலிருந்து புதுப் பாட்டிலை எடுத்தான். "இது புதுசு."

"புதுசா? அதுல ஒரு ஸ்பூன்தானே குறைஞ்சிருக்கு. எதுக்கு வாங்கின?"

"பழசு கெட்டுப்போயிருக்கும்."

"தைலம் கெடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நீதான்."

ஹெஸ்டர் புதுப் பாட்டிலை வாங்கிப் பார்த்தாள். இரண்டும் ஒரே கண்ணாடி, ஒரே லேபிள். இரண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். ஒன்றில் வெளிச்சம் மங்கி நின்றது. மற்றதில் தடையில்லாமல் ஊடுருவியது. முகர்ந்து பார்த்தாள். அந்த வீட்டு மூக்கு அது; வித்தியாசம் பிடிபடவில்லை.

குழந்தையை அவனிடம் கொடுத்தாள். இரண்டு கோப்பைகளில் தண்ணீர் எடுத்தாள். முதல் கோப்பையில் புதுப் பாட்டிலிலிருந்து சில துளி விட்டாள். கடை மருந்து எப்போதும்போலத் தண்ணீரில் கலந்து பால்போல வெளுத்தது. இரண்டாவதில் தொப்பிப் பெட்டிப் பாட்டிலிலிருந்து விட்டாள்.

தண்ணீர் தெளிவாகவே இருந்தது. மேலே, வட்டமாக, தைலம் மிதந்தது. கொட்டகைத் தகரப் பாத்திரத்தில் மிதப்பதுபோலவே மிதந்தது. ஆறு வருடமாக அவனுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம் அவள் பார்த்ததுதான்.

சைலஸ் இருமினான். எப்ராயிம் அவனைத் தோளில் போட்டு முதுகைத் தட்டினான். இருமல் தணிந்து குழந்தை அழத் தொடங்கினான். உரத்த, நல்ல அழுகை.

ஹெஸ்டர் அந்தக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தன் வலது கையைப் பார்த்தாள். அதைக் கவுனில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

"ஹெஸ்டர்."

அவள் குனிந்து ஸ்பூனை எடுத்தாள். கைக்குட்டையில் சுற்றினாள். பெட்டியில் வைத்தாள். மூடினாள்.

"மறக்காம வாங்கிட்டு வந்திருக்கியேன்னு அன்னிக்குச் சொன்னேன். நீ தலையாட்டின." அவள் குரல் உயரவில்லை. "எதுக்கு எப்ராயிம் தலையாட்டின?"